கிராபிக்ஸ் கார்டு டிரைவர் கோளாறு: அழித்து ஏற்றுவதற்கு முன்னும் பின்னும்

"ஏனுங்ணா, டிரைவர் போயிருச்சாட்ட இருக்குதுங்க, புதுசா ஏத்திக் குடுத்தீங்கன்னாப் போதும்" என்று கடந்த சித்திரையில் பல்லடம் பக்கத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய வீடு தறிக்குடோனை ஒட்டியது. முன்னறையில் இருக்கும் கணினியில் பகலில் பனியன் துணிக்கான டிசைன் வேலையும் இரவில் மகனுடைய விளையாட்டும் நடக்கும். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரை இரண்டு மூன்று நொடி கறுத்துப் பிறகு தானாகவே திரும்புகிறது என்றார். ஒரே வாரத்தில் மூன்று முறை டிரைவரை அழித்து மூன்று முறை ஏற்றியிருந்தார். நேரில் போய்க் கார்டைக் கழற்றிப் பார்த்தபோது, வெப்பத்தகட்டின் இடுக்குகளில் பஞ்சுத் தூசி அடையடையாக உறைந்து, விரலால் உரித்தால் துணிபோலக் கையோடு வந்தது. டிரைவர் மீது எந்தக் குற்றமும் இல்லை.

திரையில் எது பிசகினாலும் அதை டிரைவர் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. விண்டோஸ் கேட்பதை, திரைக்குப் படம் வரைந்து அனுப்பும் கிராபிக்ஸ் கார்டுக்குப் புரியும் கட்டளையாக மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்தான் டிரைவர். கேபிள் தளர்ந்தாலும், கணினிக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் போதிய மின்சாரம் தராவிட்டாலும், கார்டு அளவுக்கு மீறிச் சூடேறினாலும் வெளியே தெரியும் அறிகுறி டிரைவர் கோளாறைப் போலவேதான் இருக்கும். ஆகவே முதல் வேலை பிரித்தறிவது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, அதைத் தாளில் தேதியோடு குறித்துக்கொண்டு, ஒரு நாளாவது கணினியைப் பயன்படுத்திப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். மூன்றை ஒன்றாகச் செய்தால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முதலில் பிரித்தறிதல்

கணினியை இயக்கியவுடன் மதர்போர்டு நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றுகிறதா என்று பாருங்கள். அந்த நேரத்தில் விண்டோஸ் டிரைவர் இன்னும் ஏறியிருக்காது. எனவே அந்தச் சின்னமே தெரியவில்லை என்றாலோ, விண்டோஸுக்கு முன்பே எழும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸின் திரையிலேயே கோடுகளும் கட்டங்களும் நிறம் மாறிய புள்ளிகளும் தெரிந்தாலோ, கோளாறு கார்டிலோ கேபிளிலோ மானிட்டரிலோதான் இருக்கிறது. டிரைவரை எத்தனை முறை ஏற்றினாலும் பயனில்லை. சின்னம் நன்றாகத் தெரிந்து, விண்டோஸ் வட்டம் சுழன்று, கடவுச்சொல் கேட்கும் இடத்துக்கு வரும்போது திரை கறுத்தால் டிரைவர் மீது சந்தேகப்படலாம். சேஃப் மோடில் (அங்கே போகும் வழியைப் பின்னால் சொல்கிறேன்) விண்டோஸ் தன்னிடமுள்ள அடிப்படை டிரைவரோடு மட்டும் இயங்கும். அங்கே எல்லாம் ஒழுங்காகவும் வழக்கமான முறையில் மட்டும் கோளாறாகவும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் சேஃப் மோடில் கார்டுக்குச் சுமையே இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வெப்பக் கோளாறும் மின்சாரக் கோளாறும் அங்கே வெளிப்படாது.

கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து நின்றுவிட்டால், பவர் பட்டனை அழுத்துவதற்கு முன் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்றையும் பிடித்துக்கொண்டு பி விசையை ஒருமுறை தட்டுங்கள். இது கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கும். வேலை செய்தால் ஒரு சிறிய பீப் ஒலியோடு திரை திரும்பி வரும், திறந்து வைத்திருக்கும் கோப்புகளும் அப்படியே இருக்கும்.

கேபிளை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். சிபியு பெட்டியின் பின்புறத்தில் மேலே மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐ துளையும், சற்றுக் கீழே படுக்கைவாக்கில் கார்டின் துளைகளும் இருக்கும். கோபிச்செட்டிபாளையத்தில் என் மச்சினர் மகள், புதிய கார்டு வாங்கியும் விளையாட்டு வேகமாகவில்லை, டிரைவர் பிடிக்கவில்லை என்று இரண்டு மாதமாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். வீடு கழுவுவதற்காகக் கணினியை நகர்த்திய யாரோ, கேபிளை மதர்போர்டின் துளையில் செருகியிருந்தார்கள். கார்டு அத்தனை நாளும் சும்மா இருந்தது.

அடுத்தது மின்சாரம். மதர்போர்டின் ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டிய கார்டுகளுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். ஆறு பின் இணைப்பு 75 வாட்டுக்கும் எட்டு பின் இணைப்பு 150 வாட்டுக்கும் வகுக்கப்பட்டவை. கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸை வைத்துக்கொண்டு பெரிய கார்டைப் போட்டால், விளையாட்டு தொடங்கிய சில நிமிடங்களில் கணினியே அணைந்து மறுபடி எழும். பக்கத்தில் மோட்டாரோ தறியோ ஓடத் தொடங்கும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து கணினி எழுந்து விழுவதும் நம் பக்கத்தில் புதிதல்ல. வீட்டு இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அதிலுள்ள சுவிட்ச் யுபிஎஸ் என்ற நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்ற நிலையில் மின்சாரம் மாறும் இடைவெளி நீளமாக இருப்பதால் மின்விசிறி தாங்கும், கணினி தாங்காது.

இது மின்சாரக் கோளாறா, டிரைவர் விழுந்ததா என்பதைக் கண்டுபிடிக்க, நடந்தவற்றை விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவண்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். கெர்னல் பவர் என்ற பெயரோடு 41 என்ற எண் இருந்தால், கணினி முறையாக அணையாமல் நின்று மறுபடி எழுந்திருக்கிறது என்று பொருள். அங்கே மின்சாரத்தையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் முதலில் பார்க்க வேண்டும். டிஸ்ப்ளே என்ற பெயரோடு 4101 என்ற எண் இருந்தால், டிரைவர் பதில் சொல்லாமல் நின்று பிறகு மீண்டிருக்கிறது. கார்டுக்குக் கொடுத்த வேலைக்கு இரண்டு நொடிக்குள் பதில் வராவிட்டால் விண்டோஸ் டிரைவரைத் தானே மறுபடி தொடங்கிவிடும். திரை சிறிது நேரம் கறுத்துத் திரும்புவது அதனால்தான். மீட்கவும் முடியாதபோது, வீடியோ டிடிஆர் ஃபெயிலியர் என்ற வரியோடு நீலத்திரை வரும். இந்த இரண்டு நொடியை, விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எட்டு, பத்து என்று கூட்டச் சொல்லும் குறிப்புகள் நிறையவே உலவுகின்றன. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அதைச் செய்வது, காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்காமல் வெப்பமானியை ஒளித்து வைப்பதற்குச் சமம் என்பது என் எண்ணம்.

4101 என்ற எண் இருப்பதாலேயே டிரைவர்தான் கெட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பல்லடத்துக் கணினியிலும் அதே எண்தான் வரிசையாக இருந்தது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு என்பதைத் தொட்டால் தனிக் கார்டின் வெப்பநிலை தெரியும். விளையாட்டோ டிசைன் மென்பொருளோ ஓடும்போது அது 85 டிகிரி செல்சியஸைத் தாண்டி அங்கேயே நின்றால், டிரைவரை விட்டுவிட்டு முதலில் தூசியைத் தட்டுங்கள். திருப்பூர், சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் பஞ்சு காற்றோடு வருவதால், மற்ற ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் சுத்தத்தை இங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியிருக்கிறது. மின்சார ஒயரைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்சமுள்ள மின்சாரத்தை வடித்துவிட்டு, கார்டை வெளியே எடுங்கள். மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் பஞ்சைத் தளர்த்திய பிறகு புளோயரால் ஊதலாம். ஊதும்போது கார்டின் விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுழன்றால் அதன் பேரிங் கெடும். திரும்பச் செருகும்போது ஸ்லாட்டின் ஓரத்திலுள்ள கொண்டி டக்கென்று விழும் வரை அழுத்துங்கள்.

டிவைஸ் மேனேஜர் சொல்வது

இவ்வளவும் பார்த்த பிறகும் கோளாறு நின்றபாடில்லை என்றால், ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரியுங்கள். உங்கள் கார்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால், கார்டுக்கு உரிய டிரைவர் ஏறவே இல்லை. திரையில் எழுத்துகள் பருத்துத் தெரிவதும் ரெசல்யூஷனை மாற்ற முடியாமல் இருப்பதும் அதனால்தான். மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை இருமுறை கிளிக் செய்து, கோட் (Code) என்ற சொல்லோடு வரும் பிழை எண்ணைப் படியுங்கள். 22 என்றால் யாரோ அதை முடக்கி வைத்திருக்கிறார்கள், எனேபிள் செய்தால் போதும். 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. 43 என்றால் கார்டு தானே கோளாறை அறிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. இந்த 43 ஒரு தொல்லை பிடித்த எண். அரைகுறையாக ஏறிய டிரைவராலும் வரும், சில்லே பழுதானாலும் வரும், கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனிங் வேலைக்காகக் கார்டுக்குள்ளேயே இருக்கும் பயாஸ் மாற்றி எழுதப்பட்ட பழைய கார்டுகளிலும் வரும். செகண்ட் ஹேண்டில் மலிவாக வாங்கிய கார்டு வாங்கிய நாள் முதலே 43 காட்டினால், ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் ஒருமுறை பாருங்கள். பழைய சில்லுக்குப் புதிய கார்டின் பெயரைச் சூட்டி விற்ற போலிகளை அது கண்டுகொண்டு, பெயருக்கு முன்னால் ஃபேக் என்று எழுதிக் காட்டும்.

கார்டின் பெயரே தெரியவில்லை என்றால், ப்ராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போய் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த நீண்ட வரியின் தொடக்கத்தில் வரும் எண் 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல். டிரைவர் பதிப்பையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். என்விடியா கார்டுகளில் விண்டோஸ் காட்டும் நீண்ட எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களே உண்மையான பதிப்பு, 31.0.15.3623 என்று இருந்தால் அது 536.23.

பின்னோக்கிப் போவது

நேற்று வரை நன்றாக இருந்து இன்று காலையில் கெட்டதென்றால், நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் மாறியது என்ன என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட் இரவோடு இரவாக வேறொரு டிரைவரை ஏற்றியிருக்கும். டிவைஸ் மேனேஜரில் கார்டின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, டிரைவர் பக்கத்தில் ரோல் பேக் டிரைவர் என்பதை அழுத்தினால் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழையது சேமிக்கப்படவில்லை. சிஸ்டம் ரீஸ்டோரில் முந்தைய தேதி ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்கலாம். புதியது எப்போதும் நல்லது என்ற எண்ணம் டிரைவர் விஷயத்தில் உதவாது. ஓடுகிற வண்டியை அவிழ்த்துப் பார்க்காதே என்று நம் ஊர் மெக்கானிக்குகள் சொல்வது இங்கும் பொருந்தும்.

பலர் அறியாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும் கணினியில் ஷட் டவுன் செய்தால் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. டிரைவர்களின் நிலையை வட்டில் எழுதி வைத்து, மறுநாள் அதையே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். ராத்திரி அணைத்துவிட்டுத்தான் படுத்தேன் என்று சொல்பவர்களின் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தவுடனேயே கோளாறு மறைவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

முழுவதும் துடைத்துவிட்டு ஏற்றுவது

ரோல் பேக் உதவவில்லை, அல்லது கார்டையே மாற்றியிருக்கிறீர்கள் என்றால் பழைய டிரைவரின் எச்சம் இல்லாமல் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். என்விடியா நிறுவியிலேயே கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் கிளீன் இன்ஸ்டலேஷன் என்ற கட்டம் இருக்கிறது; ஏஎம்டியிலும் ஃபேக்டரி ரீசெட் என்ற தேர்வு உண்டு. பாதிக் கோளாறுகள் இதிலேயே தீரும் என்பதால் முதலில் இதை முயலுங்கள். தீராதபோது டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளை எடுக்கலாம். டிடியு என்று கடைக்காரர்கள் சுருக்கிச் சொல்வது இதைத்தான்.

இந்த வேலையைத் தொடங்கும் முன் நாளிதழில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் துணைமின் நிலையத்தில் மின்சாரம் நிறுத்தப்படும் நாளாக இருந்தால் தள்ளிப் போடுங்கள். டிரைவர் பாதி ஏறியிருக்கும்போது மின்சாரம் போவதைவிட மோசமான நேரம் இந்த வேலையில் இல்லை. பிறகு உங்கள் கார்டுக்குரிய டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முன்கூட்டியே பதிவிறக்கி டெஸ்க்டாப்பில் வையுங்கள். டிரைவரைத் தானே தேடித் தருகிறேன் என்று விளம்பரம் செய்யும் மூன்றாம் தரப்பு மென்பொருள்களைத் தொடவே வேண்டாம். வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினியாக இருந்தால், அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடுக்குப் போகும் வழியில் அதைக் கேட்டால், கையில் இல்லாதவர் தம் வீட்டு வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

அடுத்து இணைய கேபிளைப் பிடுங்கி, வைஃபையையும் அணைத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால், நீங்கள் பழையதைத் துடைத்து முடிப்பதற்குள் விண்டோஸ் அப்டேட் தன்னிடமுள்ள டிரைவரைக் கொண்டுவந்து ஏற்றிவிடும். மூன்று முறை ஏற்றியும் சரியாகவில்லை என்பவர்களில் பலர் தவறவிட்ட படி இது. பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று வரிசையாகப் போய், மறுபடி ரீஸ்டார்ட் ஆனதும் 4 என்ற எண்ணை அழுத்தினால் சேஃப் மோடு வரும். அங்கே டிடியுவைத் திறந்து, வகையில் ஜிபியு என்றும் நிறுவனத்தில் உங்கள் கார்டினுடையதையும் தேர்ந்தெடுத்து, கிளீன் அண்ட் ரீஸ்டார்ட் என்பதை அழுத்துங்கள். வழக்கமான விண்டோஸ் எழுந்தவுடன் திரை பருத்த எழுத்துகளோடு வந்தால் பதற வேண்டாம், அது அப்படித்தான் வர வேண்டும். டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் நிறுவியை இயக்கி, முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து, அதன் பிறகே இணையத்தை இணையுங்கள். நிறுவும்போது திரை ஓரிரு முறை கறுத்துத் திரும்புவது இயல்பே. அந்த நேரத்தில் யாரும் பவர் பட்டனைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரை கறுப்பாகவே இருப்பதால் ஷிஃப்ட் விசை வழியே பயன்படாது என்பவர்கள், விண்டோஸ் எழும்போது பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்தி அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் அதே மீட்புத் திரை தானாக வரும். பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால், கேபிளை மதர்போர்டின் துளைக்கு மாற்றியும் திரையைப் பெறலாம். ஐ5 12400எஃப் போல எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர்களில் அந்த வசதி கிடையாது.

எல்லாம் முடிந்த பிறகு படம் வருகிறது, சத்தம் வரவில்லை என்று ஒரு புகார் எழும். கிராபிக்ஸ் டிரைவரோடு ஹெச்டிஎம்ஐ ஒலிக்கான டிரைவரும் சேர்ந்து ஏறுவதால், விண்டோஸ் சத்தத்தை ஸ்பீக்கரை விட்டு மானிட்டருக்கு அனுப்பத் தொடங்கியிருக்கும். கீழே ஸ்பீக்கர் படத்தைத் தொட்டுப் பழைய ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பழைய கார்டும் மடிக்கணினியும்

நம் வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஜிடி 710 போன்ற கெப்ளர் தலைமுறைக் கார்டுகளுக்கு என்விடியா, விளையாட்டுகளுக்கான கேம் ரெடி டிரைவரைப் புதிதாக வெளியிடுவதை 2021 அக்டோபரிலேயே நிறுத்திவிட்டது. அவற்றுக்கு 470 என்று தொடங்கும் பதிப்புகளின் கிளையே கடைசி. புதிய நிறுவியை இயக்கினால் பொருத்தமான கார்டு இல்லை என்று சொல்லி நின்றுவிடும். அது கோளாறு அல்ல. ஜிடி 730 இன்னும் குழப்பமானது: அதே பெயரில் கெப்ளர் சில்லும் அதற்கு முந்தைய ஃபெர்மி சில்லும் விற்கப்பட்டன. ஃபெர்மிக்கு 390 கிளையோடு முடிந்துவிட்டது. எது உங்களுடையது என்பதை ஜிபியு-இசட் காட்டும். ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ போன்றவற்றுக்கு 580 கிளையே கடைசி என்றும், 2025 அக்டோபருக்குப் பிறகு 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் என்றும் என்விடியா அறிவித்திருக்கிறது. விளையாட்டு ஆடாமல் டிசைன், வீடியோ எடிட்டிங் மட்டும் செய்பவர்கள் புதிய கார்டுகளுக்குக் கேம் ரெடிக்குப் பதிலாக ஸ்டூடியோ டிரைவரை எடுப்பது நல்லது.

மடிக்கணினியில் விதி சற்று வேறு. பெரும்பாலானவற்றில் தனிக் கார்டு வரைந்த படமும் பிராசசரிலுள்ள கிராபிக்ஸ் வழியாகத்தான் திரைக்குப் போகிறது. ஆகவே இரண்டு டிரைவர்களும் வேண்டும். திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியவில்லை என்றால் உள்ளமை கிராபிக்ஸ் டிரைவரைத்தான் பார்க்க வேண்டும். மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்குத் தரப்பட்ட டிரைவர் பழையதாக இருந்தாலும் அதையே முதலில் போட்டுப் பாருங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும் முன்

துடைத்து ஏற்றியும் தீரவில்லை என்றால், உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ வேறொரு கணினியில் உங்கள் கார்டைப் போட்டுப் பாருங்கள். அவர்களுடைய எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அங்கே நன்றாக ஓடினால் கார்டில் பழுதில்லை, உங்கள் கணினியின் எஸ்எம்பிஎஸ், ஸ்லாட், விண்டோஸ் ஆகிய மூன்றில் ஒன்றுதான். அங்கும் கெட்டால் கார்டுதான். வாரண்டி இருந்தால் சீரியல் எண் ஒட்டிய ஸ்டிக்கரையும் ஸ்குரூ மேல் ஒட்டிய சீலையும் கிழிக்காமல், பில்லோடும் நீங்கள் குறித்துவைத்த தாளோடும் கோவை காந்திபுரத்துக்கோ உங்கள் ஊர்க் கடைக்கோ எடுத்துப் போங்கள். கார்டு செத்துப் போச்சுங்க என்று கடையில் சொன்னால், உங்கள் கண்ணெதிரே அவர்களுடைய கணினியில் செருகி, பயாஸ் திரை எப்படி வருகிறது என்று ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.